வானம் தெளிந்திருக்கும், கடல் ஏறும்

2024 மே 6 அன்று, குமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று அந்தக் கரையில் புயல் எதுவும் இல்லை. ஆனால் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. எங்கோ தொலைவில் வீசிய புயலில் பிறந்த பேரலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாதபோதும் திடீரெனக் கரையேறுவதுதான் கள்ளக்கடல். கடலியல் பாடத்தை நான் இப்போதெல்லாம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

அலை பிறக்கும் இடம் வேறு, உடையும் இடம் வேறு. அண்டார்டிகாவுக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல்காற்று நாள்கணக்கில் ஒரே திசையில் வீசும்போது பெரும் அலைகள் எழுகின்றன. சிற்றலைகள் வழியிலேயே அடங்கிவிடும். முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே 18 விநாடி இருக்கும் நெட்டலைகள் அடங்குவதில்லை. அவை சுமந்துவரும் ஆற்றல் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் வடக்கே நகர்ந்து, ஏறக்குறைய 5 நாளில் குமரிக் கரையைத் தொடுகிறது. நீர் அங்கேயே மேலும் கீழுமாகச் சுழல்கிறது. பயணம் செய்வது ஆற்றல் மட்டுமே.

ஆழ்கடலில் இந்த அலையின் நீளம் அரை கிலோமீட்டர். வள்ளத்தில் இருப்பவரை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். கரையை நெருங்கி அடிநிலம் தட்டுப்பட்டதும் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. அந்நேரம் ஓதமும் (நாள்தோறும் கடல்மட்டம் ஏறி இறங்குவது) ஏறியிருந்தால் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

ஆளை ஏமாற்றுவது இடைவேளைதான். நெட்டலைகள் கூட்டமாக வரும். நான்கைந்து பெரிய அலைகள் அடித்தபின் சில நிமிடம் கடல் அமைதியாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் பலரும் பாறைமேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். ஏறுமுன் பாறையைப் பாருங்கள். இப்போது அலை தொடும் இடத்துக்கு வெகுமேலே ஈரம் பளபளக்கிறதா? சற்றுமுன் கடல் அங்குவரை வந்து போயிருக்கிறது. கைக்கடிகாரத்தை வைத்து, ஓர் அலை உடைந்து அடுத்தது உடையும்வரை எண்ணுங்கள். பலமுறை எண்ணியும் 15 விநாடிக்கு மேல் வந்தால் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) எனும் தேசியக் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடலை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. மீனவர்கள் அதைக் கேட்டு வள்ளங்களை மேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வருபவருக்கு அது போய்ச் சேர்வதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. விடுதி நடத்துபவர்களும் சுற்றுலா வண்டி ஓட்டுநர்களும் காலையில் அந்த அறிவிப்பைப் பார்த்துப் பயணிகளிடம் சொல்ல வேண்டும். ஒரு நிமிட வேலை.

யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறோ மூடிய காலிக் கேனோ வீசுங்கள், அருகிலுள்ள மீனவர்களைக் கூப்பிடுங்கள், 112-ஐ அழையுங்கள்.