வெடிக்குப் பிறகு பாரில் மிஞ்சுவது

தூத்துக்குடிக் கடலில், மீனவர்கள் 'பார்' என்று அழைக்கும் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 20 மீட்டர் அளவு நாடாவைப் பாறையின் மேல் விரித்து, அதன் கீழே வருவது உயிருள்ள பவளமா, இறந்த பவளமா, பாசியா, மணலா என்று பலகையில் குறித்தபடியே நீந்துவது எங்கள் அன்றாட வேலை. அப்படி ஒரு நாள், மான்கொம்புப் பவளம் அடர்ந்து நின்றதாக முந்தைய ஆண்டுக் குறிப்பில் இருந்த இடத்தில், ஒரு ஆள் கைகால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு வட்டமாக, விரல் நீளத் துண்டுகள் மட்டுமே சிதறிக் கிடக்கக் கண்டோம். புயல் அலை உடைத்த பவளம் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். இங்கே வட்டத்தின் விளிம்பில் நின்றவை எல்லாம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அது மீன் பிடிக்க வெடி வீசிய இடம்.

கல்குவாரிக்கும் கிணறு வெட்டவும் பயன்படும் வெடிமருந்துதான் சட்டத்துக்குப் புறம்பாகக் கடலுக்கும் வந்து சேர்கிறது. தண்ணீருக்குள் வெடி வெடிக்கும்போது எழும் அழுத்த அலை, மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைக் கிழித்துவிடுகிறது. காற்றுப்பை கிழிந்த மீன் பெரும்பாலும் மிதப்பதில்லை, மூழ்கிவிடும். ஆகவே படகில் ஏறுவது செத்தவற்றில் ஒரு பங்கு மட்டுமே, மற்றவை பாறை இடுக்குகளில் தங்கி அழுகிப்போகின்றன. வலைக்கண் வழியே தப்பியிருக்க வேண்டிய குஞ்சுகளும், முட்டையோடு இருக்கும் தாய்மீன்களும், யாரும் விலை கொடுத்து வாங்காத சிறு உயிர்களும் அந்த ஒரு நொடியில் சேர்ந்தே சாகின்றன.

மீன் போனதைவிடத் தரை போனதுதான் எனக்குப் பெரிய கவலை. பவளத்தின் லார்வாக்கள், அதாவது அதன் மிகச்சிறிய இளம் உயிர்கள், நீரில் மிதந்து வந்து, அசையாத கெட்டியான பரப்பில் ஒட்டிக்கொண்டால்தான் வளர முடியும். உடைந்த துண்டுகளோ ஒவ்வொரு பருவக்காற்றிலும் புரண்டுகொண்டே இருப்பதால், ஒட்டிய லார்வாவும் நசுங்கிப்போகிறது. கிளைப்பவளம் நல்ல சூழலில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும் என்பது உண்மைதான். ஆனால் காலூன்ற இடமில்லாதபோது அந்த வேகத்தால் பயனில்லை. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை என்பதால், மேசை அளவுள்ள ஒன்று பிளந்தால் அதன் இடத்தில் இன்னொன்று நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும். சிமெண்ட் பலகைகளைக் கடலடியில் இறக்கி, அவற்றில் உயிருள்ள துண்டுகளைக் கட்டி வளர்க்கும் முறை இங்கே பலன் தந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துண்டையும் மனிதக் கை கட்ட வேண்டியிருக்கிறது. வெடிக்கு ஒரு தீக்குச்சி போதும்.

வெடி மட்டும்தான் கேடு என்று சொல்ல மாட்டேன். பாறை மேல் இறக்கும் மீன்கூடுகளைப் பல முறை தூக்கிப் பார்த்திருக்கிறேன். கூடு நகராமல் இருப்பதற்காக அங்கேயே உடைத்த பவளத் துண்டுகளை உள்ளே பாரமாக வைத்திருப்பார்கள். கூட்டின் அடியில் நசுங்கிய பவளம் வெளுத்துப் போயிருக்கும். கரைக்கு அருகே இழுக்கும் மடி வலை கடற்புல்லைப் பெயர்த்துச் சேற்றைக் கலக்கிவிடுகிறது. அந்தச் சேறு பவளத்தின் மேல் படிந்தால் வெளிச்சம் கிடைக்காமல் அது மெல்ல மூச்சடைத்துச் சாகிறது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை இந்திய மீன்வளச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கியது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அவற்றை எடுப்பவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை. இருந்தும் இரவில், ஆள் இல்லாத கடலில் நடக்கும் ஒன்றைக் கரையில் இருக்கும் சட்டம் தனியாகத் தடுத்துவிட முடியாது.

பாறை போனால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவில் கண்ணால் பார்க்கலாம். சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்ட பகுதி அது. அலையின் வேகத்தைத் தடுக்கப் பாறை இல்லாமல் போகவே, 1986இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த அந்தத் தீவு, 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே கரைந்துவிட்டது. அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டிவந்தது. பக்கத்தில் இருந்த விலாங்குசல்லித் தீவு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டது.

வெடி வைத்து மீன் பிடிப்பதால் முதலில் அடிபடுபவர்கள் நாட்டுப்படகுக்காரர்களே. என்னைப் பலமுறை கடலுக்கு அழைத்துச் சென்ற மூத்த மீனவர் ஒருவர், "பாருல வெடி போட்டுட்டா, அந்தப் பக்கம் தூண்டில் போடவே போறதில்ல சார். மீனு அடையாது" என்றார். நாங்கள் நாடா பிடித்து மாதக்கணக்கில் அளந்து எழுதுவதை அவர் தூண்டில் கயிற்றிலேயே அறிந்துவைத்திருக்கிறார். ஆகவே மீனவர்களை மொத்தமாகக் குற்றவாளிகளாக்கிப் பேசுவது தவறு என்பதோடு, நமக்குத் தகவல் தரக்கூடியவர்களையும் அது விலக்கிவிடும்.

மீன் வாங்குபவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. வெடியில் செத்த மீனை அறுத்தால் வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருக்கும்; நடுமுள் ஒடிந்திருக்கும்; சதை முள்ளை விட்டு விலகிக் குழைந்திருக்கும். அப்படிப்பட்ட மீன் தொடர்ந்து வந்தால், எந்தக் கரையில் வாங்கியது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், வாங்காதீர்கள். பவளத் துண்டு, சங்கு என்று அலங்காரப் பொருள் விற்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். கடலில் வெடிச் சத்தம் கேட்டாலோ, செத்த மீன்கள் திரளாக மிதக்கக் கண்டாலோ, தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். நேரம், கரையிலிருந்து எந்தத் திசை, தெரிந்தால் படகின் நிறமும் எண்ணும் ஆகியவற்றைக் குறித்துவைத்துச் சொன்னால், போகிறவர்கள் தேட வேண்டிய கடல் பெருமளவு சுருங்கிவிடும்.