காட்டுக்கு வாரிசு உண்டா?

"எரிமலைக் குழம்பு ஆறிய பிறகு அங்கே முதன்மை வாரிசு தொடங்குகிறது."

இயற்கை ஆவணப்படம் ஒன்றின் தமிழ்க் குரலில் இதைக் கேட்டதும், பாகப்பிரிவினை வழக்கு ஏதோ நடுவில் புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து "இரண்டாம் நிலை வாரிசு" வந்தது. அப்புறம்தான் புரிந்தது, அவர்கள் சொல்வது சக்செஷனை. கட்டுரைகளில் இதே 'சூழலியல் வாரிசை' ஏற்கெனவே பலமுறை பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். காதிலும் விழுந்துவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

ஓரிடத்தில் வாழும் செடிகொடிகளும் விலங்குகளும் காலப்போக்கில் போய், வேறு உயிர்கள் அந்த இடத்தைப் பிடிப்பதுதான் சக்செஷன். மண்ணே இல்லாத பாறையில் தொடங்கினால் முதல் வகை. தீயோ வெள்ளமோ அழித்த பிறகும் மண்ணும் விதையும் மிஞ்சியிருந்தால் இரண்டாம் வகை. சொல்லின் மூலம் லத்தீன். அடுத்து வருதல், பின்தொடர்தல் என்று பொருள். அரசனுக்குப் பின் மகன் வருவதற்கும் அதே சொல், பாசிக்குப் பின் புல் வருவதற்கும் அதே சொல். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியில் அரசன் இருந்த வரியோடு நின்றுவிட்டார்.

வாரிசு அரபியிலிருந்து வந்தது என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. உயில் என்று வந்தால் நானும் வாரிசு என்றுதான் சொல்வேன். வாரிசு என்பது ஓர் ஆள். சக்செஷன் ஒரு நிகழ்வு. ஆள் எப்படித் 'தொடங்குவார்'?

அதைவிடப் பெரிய கோளாறு உறவில் இருக்கிறது. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். 1794இல் அங்கே போனவர்கள் அதன் வாயில் பனிப்பாறையைத்தான் பார்த்தார்கள். பனி பின்வாங்கப் பின்வாங்க வெறுங்கல் வெளியே வந்தது. அதில் பாசிகள், தரையோடு படரும் சிறு செடிகள், பிறகு ஆல்டர் புதர்கள். ஆல்டரின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. உதிர்ந்த இலை மக்கி மண் வளமாகிறது. அந்த வளத்தில் ஸ்புரூஸ் மரம் ஓங்கி வளர்ந்து நிழல் விரிக்கிறது. நிழலில் ஆல்டர் பிழைக்காது. மண்ணைப் பண்படுத்தியவரையே வெளியேற்றிவிட்டு அமர்பவரை வாரிசு என்று எந்தக் குடும்பத்தில் சொல்வார்கள்?

சரி, பாடநூலில் இருக்கும் 'வழிமுறை வளர்ச்சி' தேவலாமா என்றால், அதிலும் எனக்கு இரண்டு வழக்கு உண்டு. 'தேரான் பிறனைத் தெளிந்தான் வழிமுறை தீரா இடும்பை தரும்' என்கிறது குறள். அங்கே வழிமுறை என்றால் சந்ததி. சொல்லை ஆக்கியவர் இந்தப் பழம்பொருளை நினைத்திருக்கலாம். ஆனால் இன்று வழிமுறை என்றால் செய்முறைதான். 'தாவர வழிமுறை வளர்ச்சி' என்று படிக்கும் மாணவனுக்குத் தோட்டக்கலைக் கையேடுதான் நினைவுக்கு வரும். பழம்பொருளையே பிடித்துக்கொண்டாலும் அதே வாரிசுச் சிக்கல் திரும்பி வருகிறது, ஸ்புரூஸ் ஆல்டரின் சந்ததி இல்லையே.

'வளர்ச்சி' இன்னும் மோசம். காடு ஓர் உடல்போல வளர்ந்து முதிர்கிறது என்று அமெரிக்கத் தாவரச் சூழலியலாளர் கிளெமெண்ட்ஸ் 1916இல் சொன்னார். ஒவ்வோர் இனமும் தன் போக்கில் வந்து சேர்கிறது, அவ்வளவுதான் என்று அதே துறையின் கிளீசன் மறுத்தார். அந்தப் பழைய சண்டையில் ஒரு கட்சியின் தீர்ப்பைப் பெயரிலேயே எழுதி வைப்பானேன்? தவிர, 'தாவர' என்று முன்னால் ஒட்டிவிட்டால் விலங்குகள் எங்கே போவது? ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963இல் எரிமலை வெடிப்பால் கடலிலிருந்து எழுந்த சுர்ட்சே தீவில், 1980களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டின. அவற்றின் எச்சம் விழுந்த பிறகுதான் செடிகள் மளமளவென்று பெருகின.

'தொடர்மாற்றம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் உலகத்தில் எதுதான் தொடர்மாற்றம் இல்லை?

நான் எழுதுவது 'குடிமாற்றம்'. இடம் அப்படியே இருக்கிறது, குடியிருப்பவர்கள் மாறுகிறார்கள். உறவுப்பொய் இல்லை, முன்னேற்றப்பொய்யும் இல்லை. முதற்குடிமாற்றம், மறுகுடிமாற்றம் என்று பிரிக்கவும் வருகிறது. நண்பர் ஒருவர், "கேட்டால் ஆள் மதுவகையை மாற்றியது போலிருக்கிறதே" என்றார். அந்தக் கிண்டலுக்குப் பயந்தால் குடிமக்கள், குடியரசு எதையுமே எழுத முடியாது. வேண்டுமென்றால் உயிர்க்குடிமாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆவணப்படம் இதோடும் விடவில்லை. கடைசியில் அடர்காட்டைக் காட்டி 'உச்சக்கட்டச் சமூகம்' என்றார்கள், அதாவது மாற்றம் ஓய்ந்து நிலைத்துவிட்ட உயிர்க்கூட்டம். அதற்கு முதிர்குடி என்று ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை.