பூஸ்ட்: மிகையழுத்தம்

டீக்கடையில் பூஸ்ட் கேட்டால் டம்ளரில் பாலோடு வரும். ஜல்லி லோடோடு புளியரை எஸ் வளைவில் திணறும் டிப்பர் டிரைவர், “வண்டி இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி, பூஸ்ட் இல்ல” என்றால் அது வேறு சரக்கு. அதே வண்டியைப் பார்த்து இன்னொருவர் “பிரஷர் இல்ல” என்பார். காற்றா, டீசலா? கேட்காமல் விட்டால் நல்ல டர்போ கழன்று தரைக்கு வரும்.

‘பூஸ்ட்’ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்த சொல். ஒருவரைக் கீழிருந்து தூக்கிவிடுவது என்பது முதற்பொருள். ‘டர்போ’ லத்தீனில் பம்பரம், சுழல். பெயர் பொருத்தம்தான். புகைப்போக்கிக்குப் போகும் சூடான வாயுவே சக்கரத்தைச் சுழற்றி, மறுமுனையில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905இல் காப்புரிமை பெற்றார்.

தமிழில் ‘உந்தழுத்தம்’ சொல்லலாம். ஆனால் பேருந்து, சரக்குந்து என்று ‘உந்து’ ஏற்கெனவே வண்டியாகிவிட்டது. ‘ஊட்டழுத்தம்’ அழகான சொல், அதை டீசலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் செய்கிற வேலை ஊட்டுவதுதானே. பூஸ்ட்டுக்குச் சரியானது ‘மிகையழுத்தம்’. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் மிஞ்சி நிற்பது எவ்வளவோ அதுவே பூஸ்ட். ‘மிகை’ என்றதும் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு பட்டறையிலும் உதவும். முள் கேஜ் எஞ்சின் நிற்கும்போது 0 காட்டும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரோ மொத்த அழுத்தத்தைக் காட்டும்: பாளையங்கோட்டையில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் (அதாவது ஒரு பார்), ஆயிரம் மீட்டருக்கு மேலே மாஞ்சோலையில் 90 அல்லது அதற்கும் கீழே. ஐடிலில் 100 கண்டு “ஒரு பார் பூஸ்ட் வருது” என்பது தப்பு. அது வெறும் வெளிக்காற்று. மொத்தத்திலிருந்து வெளிக்காற்றைக் கழித்தால்தான் மிகை.

மிகையழுத்தத்தை அளக்க 0–4 பார் கேஜை, அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டி, ஹோஸை கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். நிற்கிற வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்ப்பது வீண். சுமையில்லாத எஞ்சின் குறைவான டீசலையே எரிக்கிறது, பம்பரத்தைச் சுழற்ற வெப்பம் போதாது. லோடோடு ஏற்றத்தில், முழு மிதியில் பார்க்கணும். கனரக எஞ்சின்களில் அப்போது 1.5 முதல் 2.5 பார் வரை வருவது வழக்கம். முடிவான எண் அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும்.

ஊட்டழுத்தத்துக்கு டீசல் ஃபில்டர் வெளிவாயின் பேஞ்சோ போல்டில் (நடுவில் துளையுள்ள குழாய் போல்ட்) கேஜைக் கோர்க்கலாம். செம்பு வாஷர் புதிதாகப் போடவும், பழையது கசியும். மாட்டியதும் டீசல் லைனில் புகுந்த ஏரை எடுக்க மறக்கக் கூடாது. டீசலை இன்ஜெக்டருக்குத் தள்ளும் பழைய இன்லைன் பம்ப் உள்ள வண்டியில் ஊட்டழுத்தம் பெரும்பாலும் 1 முதல் 1.5 பார். ஐடிலில் சரியாக நின்று ஏற்றத்தில் விழுந்தால் ஃபில்டரின் உள்வாயிலும் அளக்க வேண்டும். உள்ளே நல்ல அழுத்தம், வெளியே குறைவு என்றால் ஃபில்டர் அடைப்பு. இரண்டிலும் குறைவென்றால் ஃபீட் பம்ப், ஓவர்ஃப்ளோ வால்வு ஸ்பிரிங் அல்லது டேங்க் பக்கத்துக் குழாய். அந்தக் குழாயில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு சாண் போட்டால், காற்று புகுந்திருந்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் வண்டியில் உயர் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது அந்த உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தொடவே கூடாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த அழுத்தத்தை ஸ்கேனரில் மட்டும் பாருங்கள்.

கரும்புகையோடு இழுவை இல்லையா, ஊட்டழுத்தம் சரியா? காற்றுப் பக்கம் போங்கள். குவாரித் தூசியில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையேல் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கும். கிளிப்புக்கு அடியில் எண்ணெயும் புழுதியும் குழைந்து கறுப்புக் களிம்பாக ஒட்டியிருக்கிற இடம்தான் கசிவு. சோப்புத் தண்ணீர் உறுதிசெய்யும். புகையும் இல்லை, ஊட்டழுத்தமும் விழுகிறது என்றால் டீசல் பக்கம். அங்கே மிகையழுத்தம் குறைவது விளைவுதான், காரணமல்ல.

புகை இல்லை, ஊட்டழுத்தம் சரி, மிகையழுத்தம் மட்டும் குறைவு என்றால், இன்லைன் பம்ப் வண்டியில் மேனிஃபோல்டிலிருந்து பம்பின் டயாஃப்ரத்துக்கு (காற்றழுத்தத்துக்கு அசையும் மெல்லிய சவ்வு) போகும் சின்னக் குழாயை முதலில் பாருங்கள். அது கிழிந்தால் காற்று வந்த சேதி பம்புக்கு எட்டாது, டீசலைக் கூட்டாது.