கட்டளை வரியா, கட்டளைக் கோடா?

"கோட்டைப் பார்த்துத் துடைத்துவிட்டேன் சார். அப்படியும் பிலிம் வரவில்லை" என்றார் தொலைபேசியில் அந்த எக்ஸ்ரே டெக்னீஷியன். அவர் எந்தக் கோட்டைச் சொல்கிறார், எதைத் துடைத்தார் என்று எனக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. அருகிலிருந்த கையேட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். "படம் அச்சாகாவிட்டால் கட்டளைக் கோட்டைச் சரிபார்க்கவும்" என்று தமிழில் அச்சிட்டிருந்தார்கள்.

எக்ஸ்ரே அறையில் கோடு என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிலிமில் விழும் கோடுதான். பிலிமைச் சூட்டினால் கறுக்கவைக்கும் பிரிண்டரில், சூடு தரும் தலைப்பகுதியில் ஒரு தூசு ஒட்டிக்கொண்டால் போதும். அந்தப் புள்ளியில் மட்டும் சூடு பிலிமை எட்டாது. பிலிம் நகர நகர மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல வெள்ளைக் கோடு ஓடிவிடும். எலும்பின் மேல் விழுந்தால் விரிசலோ என்று மருத்துவரே ஒருமுறை கூர்ந்து பார்ப்பார். ஆகவே மூடியைத் திறந்து தலைப்பகுதியைத் துடைப்பது அந்த அறையில் அன்றாட வேலை. கையேடு கோட்டைப் பார்க்கச் சொன்னது. அவர் பார்த்தார், துடைத்தார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. கணினியில் தட்டச்சு செய்த கட்டளையில் பிரிண்டரின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. கையேடு பார்க்கச் சொன்னது அதைத்தான். நோயாளிகள் வெளியே காத்திருக்க, அரை மணி நேரம் ஒரு தவறான சொல்லுக்குப் பலியானது.

'கமாண்ட் லைன்' என்ற ஆங்கிலத் தொடருக்கு ஈடாக எழுதும் இந்தக் 'கட்டளைக் கோடு' என் கண்ணில் படுவது இது முதல் முறை அல்ல. பயிற்சித் தாள்களில், மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

முதலில் பொருள். கமாண்ட் லைன் என்பது, சுட்டியால் படங்களையும் பொத்தான்களையும் அழுத்தாமல், செய்ய வேண்டியதை எழுத்தாகத் தட்டி என்டர் விசையை அழுத்தும் முறை. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் லத்தீன் வழி வந்தது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்தது. நூல் பிடித்தால் கோடு, கோட்டில் எழுதினால் வரி என்று பொருள் கிளைத்தது. கணினிக்கு வந்தது இரண்டாவது பொருளோடு. 1963இல் வந்த டெலிடைப் 33 போன்ற பொறிகளில் திரையே கிடையாது. ஒரு வரிக்கு 72 எழுத்துகள் கொண்ட தாளில் ஒரு வரியைத் தட்டுவார்கள், கணினி அடுத்த வரியில் பதிலை அடிக்கும். அங்கே 'லைன்' என்பது எழுத்து வரி. கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

மருத்துவப் படங்களை அச்சிடும் வேலையையே எடுத்துக்கொள்வோம். ஸ்கேன் கருவிகளும் பிரிண்டர்களும் பேசிக்கொள்ளும் பொது விதிமுறை டைகாம். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட விதிகள், வளர்ந்து 1993இல் இந்தப் பெயரைப் பெற்றன. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரிலுள்ள ஓஃபிஸ் நிறுவனம் டிசிஎம்டிகே என்ற கருவித் தொகுப்பை இலவசமாகத் தருகிறது. அதில் ஒரு நிரல், அதாவது புரோகிராம், படங்களைப் பிலிமில் எப்படி அடுக்குவது என்று அச்சுப்பணியை ஆயத்தம் செய்கிறது, இன்னொன்று அதைப் பிரிண்டருக்கு அனுப்புகிறது. இரண்டுக்கும் பொத்தான் கிடையாது. எல்லாம் கட்டளை வரியில்தான். நிரலின் பெயர், ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடுகள், அவற்றை ஒட்டி 'லேஅவுட்' என்ற சொல், இடைவெளி, 2, இடைவெளி, 3, கடைசியில் ஆறு படக்கோப்புகளின் பெயர்கள். என்டரைத் தட்டினால் ஒரே பிலிமில் ஆறு படங்கள் அமையும்.

இப்போது அந்தக் கட்டளையை மீண்டும் பாருங்கள். அதற்குள் எத்தனை கோடுகள்! சொல்லுக்கு முன் வருவது சிறுகோடு. கோப்பின் பெயரில் அடிக்கோடு வரும். கோப்புறையைக் காட்டச் சாய்கோடு வரும். இவையெல்லாம் தமிழில் நன்றாக ஊன்றிவிட்ட பெயர்கள். இவற்றுக்கு நடுவே முழு வரியையும் 'கோடு' என்று அழைத்தால், "கட்டளைக் கோட்டில் இரண்டு சிறுகோடுகளை இட்டு, சாய்கோட்டுக்குப் பின்..." என்று ஒரு விளக்கத்தை எழுத வேண்டியிருக்கும். இதைப் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார்? கட்டளைக் கோடு என்பதும் சிறுகோட்டைப் போல ஏதோ ஒரு குறி என்றுதான் நினைப்பார். எனக்கு இது ஒன்றே போதும், அந்தச் சொல்லைத் தள்ள.

'கோடு'காரர்களின் வாதத்தையும் கேட்டிருக்கிறேன். "வரி என்றால் சொத்து வரி, தொழில் வரி என்று பணம் கட்டும் நினைவு வந்துவிடும். அதனால்தான் கோடு" என்பார்கள். இதில் சிறிதளவு உண்மை உண்டு. பெயர்ச்சொல்லுக்குப் பின் 'வரி' வந்தால் தீர்வையின் சாயல் விழத்தான் செய்கிறது. கோயில்களில் இன்ன பூசைக்கு இன்ன கட்டளை என்று அறக்கட்டளைகள் உண்டு என்பதால், தனியாக 'கட்டளை வரி' என்று கண்டவர் ஏதோ கோயில் தீர்வை என்று ஒரு நொடி நினைக்கலாம். ஆனால் "கட்டளை வரியில் தட்டச்சு செய்க" என்றதும் அந்த மயக்கம் போய்விடும். வரிக்குள் யாரும் தட்டச்சு செய்து பணம் கட்டுவதில்லை. பாட்டின் முதல் வரி, கடிதத்தில் நாலு வரி, வரி விடாமல் படித்தான் என்று நாள்தோறும் பேசுகிறோம். எவருக்கும் வரித்துறை நினைவுக்கு வருவதில்லை.

மேலும் 'வரி' எழுத்தின் உறவினர். வரிதல் என்றால் எழுதுதல், தீட்டுதல். எழுத்தின் உருவத்தை வரிவடிவம் என்கிறோம். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் அது பாட்டையே குறிக்கிறது. கோடு அப்படி அல்ல. பழந்தமிழில் அது கொம்பு, மலைமுகடு, கரை. இன்றைய வழக்கில் அளவுகோலை வைத்து இழுப்பது. படிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. "ஒரு கோடு படித்தேன்" என்று தமிழில் சொல்ல முடியுமா?

வேறு சிலர் 'ஆணை வரி' என்று எழுதுகிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. ஆணை, இடுகிறவரின் அதிகாரத்தைப் பேசும் சொல்: அரசாணை, நீதிமன்ற ஆணை. கட்டளைக்கு அதைவிட ஆழம் உண்டு. ஏவல் என்பதோடு அளவு, வரையறை என்றும் பொருள்படும். பொன்னை உரைத்து மாற்றுப் பார்ப்பது கட்டளைக்கல். குறள் 505இல் அது மனிதரை அளக்கும் கல்லாகிறது. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில், ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது கட்டளைக் கலித்துறை ஆகாது. கணினியில் தட்டும் கட்டளையின் இயல்பும் இதுதானே! டைகாமில் ஒரு பிரிண்டரின் அழைப்புப் பெயர் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அதில் ஓர் எழுத்து பிசகினால் பிலிம் வராது. அந்த டெக்னீஷியனின் கணினியில் நடந்தது அதுதான். ஏவலையும் பிசகாத அளவையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கும்போது, அதன் பக்கத்தில் பொருந்தாத கோட்டை ஏன் ஒட்டவேண்டும்?

அகராதியைத் திறந்து முதலில் கண்ட பொருளை எடுத்து வைப்பதால் வரும் வினை இது. மொழிபெயர்ப்பவர் அந்த அறைக்குள் ஒருமுறை நின்று பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். அதே கையேட்டில் பிலிமைப் 'படச்சுருள்' என்கிறார்கள். இந்தப் பிரிண்டரின் பிலிம் எங்கே சுருளாக வருகிறது? 14க்கு 17 அங்குலம் போன்ற அளவுகளில் தாள்களாக, பெட்டியில் அடுக்கி வருகிறது. சுருட்டினால் மடிப்பு விழுந்து படமே கெடும். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் பிலிம் என்கிறார்கள். நல்ல தமிழ்ச் சொல் அமையும்வரை அதை அப்படியே எழுதுவதில் எனக்கு மறுப்பு இல்லை. பொய்யான தமிழைவிட உண்மையான கடன்சொல் மேல்.

அதைவிடக் கொடுமை லேஅவுட் பக்கம். நான் மேலே சொன்ன 2, 3 என்பதில் முதலில் வருவது நிரல், அதாவது மேலிருந்து கீழாக ஓடுவது. அடுத்தது நிரை, இடமிருந்து வலமாகச் செல்வது. பள்ளிக் கணக்கில் அணிகள் பாடம் படித்த யாருக்கும் தெரிந்த சொற்கள். ஆனால் கணினித் தமிழில் 'நிரல்' புரோகிராமுக்கும் பெயராகிவிட்டதால், மொழிபெயர்ப்பாளர் அதைத் தவிர்த்து இரண்டையுமே 'வரி' என்று எழுதிவிட்டார். "முதலில் வரிகள், பிறகு வரிகள்" என்று ஒரு வாக்கியம் அச்சாகி நிற்கிறது! கோடு வரக் கூடாத இடத்தில் கோடு, வரி வரக் கூடாத இடத்தில் வரி. நிரலும் நிரையும் குழப்பும் என்று அஞ்சினால் 'மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக' என்று விரித்தாவது எழுதலாமே.

மறுநாள் அந்த ஸ்கேன் மையத்துக்கு நேரில் போய், கையேட்டில் ஒவ்வொரு 'கோட்டை'யும் பேனாவால் அடித்து மேலே 'வரி' என்று எழுதினேன். லேஅவுட் பக்கத்தில் ஓரத்தில் ஆறு கட்டங்கள் வரைந்து, மேலே 2 என்றும் பக்கவாட்டில் 3 என்றும் குறித்துக் கொடுத்தேன். டெக்னீஷியன் அதைப் பார்த்துக்கொண்டே கட்டளையைத் தட்டினார். பிரிண்டரின் பெயரை மட்டும் வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பிலிம் வந்தது.