பலகையில் எண்களை எழுதும் முன்

பதினாறு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி ஒன்றில் ஒரு சிறுவனை இடது பின்களத்தில் நிறுத்தியிருந்தேன். ஆட்டத்துக்கு ஆட்டம் எதிரணி அவன் பக்கமாகவே புகுந்து கோல் அடித்தது. கோட்டோரம் நின்று "ஓடு, ஓடு" என்று கத்தினேன். மூன்று மாதங்களில் அவன் பயிற்சிக்கு வருவதே குறைந்துபோனது. தவறு அவன் கால்களில் இல்லை. நான் பலகையில் எழுதிய 4-3-3இல் இருந்தது: பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர்.

அந்த அமைப்பில் விங்கர், அதாவது ஓரத்து முன்கள வீரர், உள்ளே வெட்டி வரும்போது, அவர் விட்ட ஓரத்தை நிரப்ப ஃபுல்பேக், அதாவது ஓரத்துப் பின்கள வீரர், மேலே ஓட வேண்டும். பந்து பறிபோனால் அதே தூரத்தைத் திரும்ப ஓட வேண்டும். ஆட்டம் முழுவதும் இதுதான் வேலை. அவனுக்கு அந்த மூச்சு இல்லை. ஆனால் எதிராளி எங்கே பந்தைத் தரப்போகிறான் என்பதை எல்லோருக்கும் முன்பே அவன் கண்டுகொள்வான். 3-5-2க்கு மாறி, பின்களத்து மூவரில் நடுவில் அவனை நிறுத்தினேன். முதல் ஆட்டத்தில் தோற்றோம். ஓரம் முழுவதையும் ஒற்றையாளாகக் காக்கும் விங்பேக் எங்களிடம் ஒருவன்தான் இருந்தான். இன்னொருவனைத் தயார்செய்ய ஒரு பருவமே ஆனது. ஆனால் அந்தச் சிறுவன் மட்டும் அன்றே நிமிர்ந்து ஆடினான்.

பெரிய அணிகளும் இப்படித்தான் வழி கண்டிருக்கின்றன. 2014 உலகக் கோப்பைக்குச் சில மாதங்களுக்கு முன் நெதர்லாந்தின் நடுக்கள வீரர் ஸ்ட்ரூட்மன் முழங்காலில் காயமடைந்தார். 4-3-3 அந்த நாட்டின் பெருமை. அதையே விட்டுவிட்டுப் பின்களத்தில் ஐவரை நிறுத்தினார் பயிற்சியாளர் வான் கால். முன்கள வீரர் ராபனுக்கு ஓடுவதற்கு வெளி கிடைத்தது. நடப்புச் சாம்பியன் ஸ்பெயின் 5-1 என்று வீழ்ந்தது. 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்ற பிறகு இங்கிலாந்துக் கிளப்பான செல்சியை 3-4-3க்கு மாற்றினார் அதன் பயிற்சியாளர் கான்டே. பல பருவங்கள் வேறு அணிகளுக்குக் கடனாகப் போய்வந்த விங்கர் விக்டர் மோசஸ் அதில் வலது விங்பேக் ஆனார். லீகில் தொடர்ந்து 13 வெற்றிகள், பிறகு பட்டமும். அந்த அமைப்பை அப்படியே நகலெடுத்த பயிற்சியாளர்கள் பலர். மோசஸ் போல ஓடக்கூடிய ஒருவர் தம்மிடம் இருக்கிறாரா என்று அவர்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது புதிய அணி கைக்கு வந்தால் முதல் இரண்டு வாரங்கள் யாருக்கும் இடம் குறிப்பதில்லை. ஐவருக்கு ஐவர் ஆடவிட்டுப் பார்க்கிறேன். கோலுக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கத் துணிபவன் யார்? அப்படி ஒருவன் இல்லாமல் ஒற்றை முன்கள வீரரை நிறுத்தினால் அவன் தனித்தே சாவான். அதைவிட முன்னால் இருவரை நிறுத்தும் 4-4-2 நல்லது. ஆனால் அதில் நடுக்களத்தில் இருவர் மட்டுமே. எதிரணி அங்கே மூவரை வைத்தால் பந்தின் பின்னால் ஓடியே களைப்பார்கள். ஆகவே அந்த இருவரும் சளைக்காதவர்களா என்று பார்த்தாக வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "உங்கள் பிள்ளைக்கு வேகம் போதாது" என்று யாராவது சொன்னால், எந்த இடத்துக்குப் போதாது என்று கேளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நான் வீரர்களிடம், களத்தில் எப்போது தனியாக மாட்டிக்கொண்டதாக உணர்ந்தார்கள் என்று கேட்கிறேன். இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அடுத்த பயிற்சிக்கு முன் பலகையை அழித்துவிடுகிறேன்.