யாயாவின் பெட்டியும் பச்சைக்குழந்தையும்

மெல்பர்னில் குழந்தை மருத்துவராக இருக்கும் நான், பச்சைக்குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று வரும் கிரேக்கக் குடும்பங்களிடம் தவறாமல் கேட்பது இது: பாட்டியின் பெட்டியிலிருந்து எதையாவது எடுத்துப் போர்த்தினீர்களா?

1950, 60களில் கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி ஆஸ்திரேலியா வந்த பெண்கள் பலர், தறியில் நெய்த கம்பளிகளையும் பின்னல் லேஸ்களையும் சீதனமாகக் கொண்டுவந்தார்கள். கிரீஸ் 1983இல் சீதன முறையைச் சட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது. மெல்பர்னில் கிரேக்கர்கள் நிறைய வாழும் ஓக்லி பக்கத்து வீடுகளில் அந்தப் பெட்டிகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன, உள்ளே அந்துருண்டையோடு. பேரன் பிறந்ததும் யாயா (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முதலில் எடுப்பது அந்தக் கம்பளியைத்தான். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் சொல்லியாக வேண்டும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பது, மலேரியா முன்பு மிகுந்திருந்த மத்தியதரைக் கடலோரங்களில் சகஜம். எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தையின் உடலில் அந்துருண்டையின் நாப்தலீன் சேர்ந்தால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். அவை உடைவதால் வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ரத்தத்தில் ஏறி மூளையையே தாக்கலாம். உருண்டையை வாயில் போட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கம்பளியில் ஏறிய ஆவியே போதும், மூச்சிலும் தோலிலும் உள்ளே போய்விடும். 1963இல் கிரேக்க மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 21 சிசுக்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் இருவர் இறந்துபோனார்கள்.

கண்ணும் தோலும் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால், குழந்தை வெளிறிச் சோர்ந்து பால் குடிக்க மறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அந்துருண்டை விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்க மறந்துவிடும் மருத்துவர்களும் உண்டு.

கம்பளியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குழந்தையிடமிருந்து தள்ளி வையுங்கள். வெளியே காற்றாட உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் அந்துப்பூச்சியும் முட்டையும் செத்துவிடும். உருண்டையே தேவையில்லை.

நம் பீரோக்களிலும் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இதே உருண்டைதான். ஜி6பிடி குறைபாடு இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. போதாக்குறைக்கு, நாம் குழந்தைக்கு எண்ணெய் வேறு தேய்க்கிறோம். நாப்தலீன் எண்ணெயில் கரையும். எண்ணெய் பூசிய தோல் அதை இன்னும் வேகமாக உறிஞ்சும்.