பழைய மியாட்டாவுக்குப் புது ரேடியேட்டர்: குளிர்விப்பது உலோகமா, காற்றா?

பழைய மியாட்டா கார் வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, போனட்டைத் தூக்கியதும் ரேடியேட்டரின் மேல் தொட்டி என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். கறுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பழுப்பும் பச்சையும் கலந்து, காய்ந்த பாசி மாதிரி ஆகியிருந்தால் அதற்கு நாள் நெருங்கிவிட்டது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய இந்த இரண்டு இருக்கை காரில், ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், மேலும் கீழும் உள்ள தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலான். நடுவில் ரப்பர் கேஸ்கெட் வைத்து, அலுமினிய விளிம்பை மடக்கி நசுக்கி இரண்டையும் சேர்த்திருப்பார்கள். இன்ஜினின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுவரும், 90 டிகிரியைத் தொடும் கூலன்ட் என்கிற திரவம், உள்ளிருந்து தள்ளும் அழுத்தம், தினமும் சூடாவதும் ஆறுவதும். முப்பது வருடம் இப்படியே போனால் நைலான் அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும்.

அரிசோனாவில் இருக்கும் நண்பருடைய 1992 மாடலில் நடந்ததும் இதுதான். மேல் ஹோஸ் மாட்டும் கழுத்துக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். இன்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் தடவினாலும் தட்டுப்படாது. சூடேறி அழுத்தம் வந்ததும் அந்தக் கோட்டின் மேல் பச்சைத் துளிகள் வரிசையாக அரும்பும், வழியும், காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொருக்கு தட்டும். முழுக்க அலுமினியத்தாலான ரேடியேட்டரை வாங்கி மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் எல்லாம் செம்பும் பித்தளையும்தானே, செம்புதானே வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அப்புறம் ஏன் அலுமினியம்?

நல்ல கேள்வி. வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்புக்குச் சுமார் 400 மதிப்பெண் என்றால் தூய அலுமினியத்துக்கு 237 தான். ரேடியேட்டர் செய்யும் அலுமினியக் கலவை அதற்கும் கீழே, 160 பக்கம் வரும். ஆனால் கூலன்ட்டில் இருக்கும் வெப்பம் வெளியே போக மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும்: கூலன்ட்டிலிருந்து குழாயின் உள்சுவருக்கு, சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, அங்கிருந்து காற்றுக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒவ்வொரு டிகிரி வெப்பநிலை வித்தியாசத்துக்கும் எத்தனை வாட் கடக்க முடியும் என்று பார்த்தால், வேகமாகச் சுழன்று ஓடும் கூலன்ட் பக்கத்தில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். 0.4 மில்லிமீட்டர் அலுமினியச் சுவரில் சுமார் 4,00,000. காற்றுப் பக்கத்தில் நூறு வாட் அளவுதான். திருவிழாக் கூட்டம் முழுக்க மூன்றாவது வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, நடு வாசலை இரண்டு மடங்கு அகலமாக்கி என்ன பயன்? சுவரைச் செம்பில் செய்வதும் அப்படித்தான்.

காற்று ஏன் இவ்வளவு பலவீனம் என்றால், அதில் சரக்கு கம்மி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,180 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். மேட்டில் முழு ஆக்ஸிலேட்டரில் ஏறும் சின்ன இன்ஜின் கூலன்ட்டில் 50 கிலோவாட் வெப்பத்தைக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது இருபத்தைந்து வீட்டு கீசர்கள் ஒரே நேரத்தில் ஓடுவது மாதிரி. தண்ணீர் 7 டிகிரி ஆறினால் போதும் என்றால், விநாடிக்கு ஒன்றே முக்கால் லிட்டர் சுற்றினாலே அது நடந்துவிடும். அதே வெப்பத்தைக் காற்று 35 டிகிரி சூடேறி வாங்கிக்கொள்ள, விநாடிக்குச் சுமார் 1,200 லிட்டர் காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து வெளியேற வேண்டும்.

அதனால்தான் ஃபின் என்கிற அந்த மெல்லிய நெளிதகடுகள். காற்று தொடும் பரப்பைப் பல மடங்கு பெருக்குவதுதான் அவற்றின் வேலை. ஒரு ஃபின்னை லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஜன்னல் பலகைகள் மாதிரி நுண்ணிய கீற்றுகள் வெட்டியிருப்பார்கள். தகட்டை ஒட்டி ஓடும் காற்று ஒரு மந்தமான படலமாகத் தேங்கி, பின்னால் வரும் குளிர்ந்த காற்றைத் தகட்டைத் தொடவிடாது. ஒவ்வொரு கீற்றிலும் அந்தப் படலம் உடைந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்த விஷயம்.

சரி, அலுமினியத்தின் உண்மையான லாபம் எங்கே வருகிறது? குழாயின் வடிவத்தில். மெல்லிய பித்தளைக் குழாயை அகலமாகச் செய்தால் அழுத்தத்தில் உப்பிவிடும், அதனால் ஒடுக்கமான குழாய்களைப் பல வரிசையாக அடுக்கி, இடைவெளி விட்டு, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் ஃபின்களை ஒட்டினார்கள். எடை குறைந்த அலுமினியத்தில் சுவரைத் தடிமனாக வைத்து, ஒரே குழாயை 25 மில்லிமீட்டருக்கும் மேல் அகலமாக்க முடிகிறது. அதனால் ஃபின் குழாயைத் தொடும் நீளம் கூடுகிறது. இணைப்பும் வேறு மாதிரி. குழாய்த் தகட்டின் மேல் சிலிக்கான் கலந்த அலுமினியத்தை மெல்லிய மேற்பூச்சாக வைத்து, நைட்ரஜன் நிரம்பிய உலையில் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். மேற்பூச்சு 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கும் கலவை உருகாது. உருகியது ஃபின்னுக்கும் குழாய்க்கும் நடுவில் ஓடி உறைந்து, எல்லாம் ஒரே உலோகமாகிவிடுகிறது.

இதைக் கேட்டதும் கடையில் இருப்பதிலேயே தடிமனானதை வாங்கத் தோன்றும். வேண்டாம் என்பது என் கருத்து. முன்பக்கத்தில் 40 டிகிரியில் நுழையும் காற்று, நடுவில் போவதற்குள்ளேயே 65, 70 ஆகிவிடும், கடைசிப் பகுதியில் கூலன்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே சுருங்கி, வாங்கிக்கொள்ள இடமில்லாமல் வெறுமனே கடந்து போகும். போதாக்குறைக்குத் தடிமன் கூடக் கூட காற்று உள்ளே நுழையவே தயங்கும். மியாட்டாவில் இடமும் குறைவு. ஃபேன் மோட்டாரின் முதுகுக்கும் இன்ஜின் பெல்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்காமல் 50 மில்லிமீட்டர் ரேடியேட்டரை வாங்கியவர்கள் பிறகு மெல்லிய ஃபேன் தேடி அலைய வேண்டிவரும்.

மாட்டும் வேலை கஷ்டமானதில்லை. நன்றாக ஆறிய பிறகு கூலன்ட்டை வடித்து, ஹோஸ்களையும் ஃபேன் இணைப்புகளையும் கழற்றி, மேல் பிடிகளை எடுத்தால் பழையது மேலே வந்துவிடும். நாங்கள் அதிக நேரம் செலவழித்தது புதியதைச் சுற்றிலும் ஃபோம் பட்டை ஒட்டுவதில்தான். காற்று சோம்பேறி, எதிர்ப்பு குறைந்த வழியில்தான் போகும். மூக்கு வழியாக வந்த காற்றுக்கு ரேடியேட்டரின் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி கிடைத்தால், ஃபின்களுக்குள் நெருக்கிக்கொண்டு போகாமல் அந்தப் பக்கம் நழுவிவிடும். அதே மாதிரி, காரின் வயிற்றில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் குறைவாக இருந்தால்தான் காற்று முன்னாலிருந்து பின்னால் இழுபடும், அந்த வித்தியாசத்தைக் காப்பதில் தட்டுக்குப் பங்கு உண்டு. நல்ல ரேடியேட்டரையும் மாட்டிவிட்டு, நெடுஞ்சாலையில் ஏன் சூடேறுகிறது என்று தெரியாமல் தவிப்பவர்கள் முதலில் இந்தத் தட்டைத் தேடிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, பெரிய ரேடியேட்டர் போட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாதாரணமாக ஓட்டும்போது வெப்பநிலையைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு; இந்த இன்ஜினில் அது 88 டிகிரி வாக்கில் திறக்கும். ரேடியேட்டர் தருவது கையிருப்பு: வெயில், ஏசி, நெரிசல் மூன்றும் சேரும்போது தாக்குப்பிடிக்கும் திறன். மியாட்டாவுக்கென்று ஒரு பிறவிக் குறையும் உண்டு. முன்சக்கரம் இழுக்கும் காரில் குறுக்காகப் படுத்திருந்த இன்ஜின் குடும்பம் இது; அங்கே தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து நான்கு சிலிண்டர்களையும் கடந்து மறுமுனையில் வெளியேறும். மியாட்டாவில் இன்ஜினை நீளவாக்கில் திருப்பியதும் வெளிவாசலையும் முன்பக்கமே வைத்துவிட்டதால், பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைப்பதில்லை. எந்த ரேடியேட்டரும் இதைச் சரிசெய்யாது. டர்போ மாட்டி இன்ஜினின் சக்தியைக் கூட்டுகிறவர்கள் வெளிவாசலைப் பின்னுக்கு மாற்றுவது இதற்காகத்தான்.

கூலன்ட்டில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துவிடும், அதனால் வடிநீரில் கலந்த நல்ல கூலன்ட்தான் வேண்டும். எர்த் வயர் சரியில்லாத காரில் கசியும் மின்சாரம் கூலன்ட் வழியே ஓடி, புது ரேடியேட்டரையும் ஊசித் துளைகளாக அரித்துவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை ரேடியேட்டர் வாயில், உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வைத்து, விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

கடைசியில், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது. காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து மெதுவாக ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். பத்து நிமிடம் கழித்து வாயில் பெரிய பெரிய குமிழ்கள் வந்து வெடித்தன, மட்டம் சடாரென்று இறங்கியது, இன்னும் ஊற்றினோம். மேல் ஹோஸ் சூடானதும் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று தெரிந்தது, மூடியைப் போட்டோம். வெளியே 42 டிகிரி வெயிலில் கார் நின்றபடியே ஓடிக்கொண்டிருக்க, ஃபேன் சுழன்றது, இரண்டு நிமிடத்தில் தானே நின்றது, கொஞ்சம் பொறுத்து மறுபடி சுழன்றது. மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது மட்டம் ஒரு டம்ளர் அளவுக்குக் குறைந்திருந்தது. அதை நிரப்பிவிட்டுக் கிளம்பினார்.